கம்பிக்குக் கீழே நின்ற ஒரு மா

கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். இரண்டு நாளாகத் தூறிக்கொண்டிருந்த மழை விட்டிருந்தது. வானம் மூடியும் மூடாமலும் வெளிறிக் கிடந்தது. காற்று இல்லை, தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை. காற்று இல்லாத காலை என்பதால்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் தினமும் அந்த நேரத்துக்குத்தான் வயலுக்குப் போவேன். வடமேற்கு மூலையில் வரப்பின்மேல் நின்று கால் மணி நேரம் தட்டான்களை எண்ணுவேன். என்னைக் கடந்து போகிறவற்றை மட்டும். மழைக்கு முந்தின நாள் கணக்கு அறுபத்து நான்கு. அன்று வரப்பில் ஏறுவதற்கு முன்பே இரைச்சல் கேட்டது, பத்து மிக்சியை ஒன்றாக ஓட விட்டதுபோல. என் வயலுக்கு மேலே, பயிரிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், ஆறு விசிறிகள் சுழல ஒரு ட்ரோன் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் கீழே வெள்ளைப் புகையாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. விஷத்தை மருந்து என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

என் வயல் என்று சொன்னேன். பட்டா என் மனைவியின் பேரில். கல்யாணத்தின்போது அவள் அப்பா மஞ்சள்காணியாக எழுதிக் கொடுத்த ஒன்பது மா. மூன்று மா ஓர் ஏக்கர். ஆக மூன்று ஏக்கர். பக்கத்தில் இருபத்தொரு மா அவள் தம்பியினுடையது. முப்பத்திரண்டு வருஷம் நான் அரசுப் பள்ளிகளில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஊர் ஊராக இருந்தபோது எங்கள் ஒன்பது மாவையும் அவன்தான் குத்தகைக்கு உழுதான். குத்தகை நெல்லில் ஒரு மரக்கால் குறைத்ததில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்துதான் தகராறு.

போன ஆவணியில் நாற்று விட்டிருந்த சமயம், எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு அவன் பேச்சை எடுத்தான்.

"மருந்தே அடிக்காம மாவுக்குப் பத்து மூட்டை எடுத்துக் காட்டுங்க அத்தான். எடுத்துட்டா நான் வாயே தொறக்கல. எடுக்கலைன்னா பழையபடி குத்தகைக்கு எங்கிட்ட விட்டுடணும்."

"விட்டுடுறேன்."

"அக்கா சாட்சி."

"என்னை இதுல இழுக்காதீங்க" என்றாள் அவள். "சாப்புடுறதுன்னா உக்காருங்க. பந்தயம் கட்டுறதுன்னா வெளில போங்க."

உட்கார்ந்து சாப்பிட்டோம். பந்தயமும் உறுதியாயிற்று. தொண்ணூறு மூட்டை வந்தால் நிலம் என் கையில் இருக்கும். வராவிட்டால் அவனிடம் போகும். எனக்கு எழுபத்தோரு வயது. ஒரு முறை கைவிட்டால் திரும்ப வாங்க எனக்கு ஆயுசு போதாது.

அந்தப் பந்தயம் கட்டியவன்தான் அன்று காலை என் வரப்பில் நின்று ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான். முடியப் போவுது."

"என்னடா இது?"

"எலைச்சுருட்டுப் புழு விழுந்து கெடக்கு என் வயல்ல. ஏழு ஏக்கருக்குன்னா வண்டி எடுக்க மாட்டேங்கிறார் இந்தத் தம்பி. கொறைஞ்சது பத்து வேணுமாம். நான் யாரைத் தேடிப் போவேன்? பக்கத்துல மூணு கெடந்துது. சேர்த்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

"அப்ப?"

"அதான் கேக்கல."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அது என் வயல் என்றும் சொன்னேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா வயலுங்க" என்றான். "வாடகை, மருந்து எல்லாம் நானே குடுத்துட்டேன். அக்காவுக்கு நான் செய்யக் கூடாதா?"

இந்தப் பக்கத்தில் இப்போது இது வழக்கமாகிவிட்டது. ட்ரோன்காரன் பத்து ஏக்கர் கேட்பான். கையில் ஆறோ ஏழோ இருக்கிறவன் அண்ணன் வயலை, பங்காளி வயலை, சம்பந்தி வயலைச் சேர்த்துக் கணக்கை நிரப்புவான். புழு இருக்கிறதா இல்லையா என்று அந்த வயலில் எவனும் இறங்கிப் பார்ப்பதில்லை. கல்யாணப் பந்திக்கு ஆள் சேர்ப்பதுபோல வயலைச் சேர்க்கிறார்கள்.

ட்ரோன் இறங்கியது. லோடு ஆட்டோவிலிருந்து வேறொரு பேட்டரியைத் தூக்கி வந்து மாற்றினான் ட்ரோன் ஓட்டுநர்.

"எவ்வளவு நேரம் பறக்கும் இது?" என்று கேட்டேன்.

"டேங்க் ஃபுல்லா இருந்தா எட்டு ஒம்போது நிமிஷம் சார்."

"இதுக்குத்தான் இந்தக் கூத்தா?"

"உங்க தட்டானுக்கு பேட்டரி எவன் மாத்துறான் அத்தான்?" என்றான் மைத்துனன்.

"கொசுவும் பூச்சியுந்தான் அதுக்கு பேட்டரி. அதைத்தான் நீ காசு குடுத்துக் கொன்னுக்கிட்டிருக்க."

ட்ரோன் ஓட்டுநருக்கு நாங்கள் சண்டை போடுகிறோமா விளையாடுகிறோமா என்று புரியவில்லை. "சார், கரண்டு கம்பிக்குக் கீழ மட்டும் அடிக்கல" என்றான் சமாதானமாக. "கிட்ட போனா விழுந்துடும். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மீட்டர் விட்டுட்டேன்."

"அதை மட்டும் ஏன் விட்ட? அங்கயும் அடிச்சுட்டுப் போறதுதானே?" என்றேன். கோபத்தில் சொன்னது. நல்லவேளையாக அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் கால் மணி நேரத்தில் மூன்று தட்டான். வரப்பில் ஒரு சிலந்தி வலை இல்லை. தண்ணீரின்மேல் செத்த ஊசித்தட்டான்கள் நீலமும் பச்சையுமாக, ஊசிமுனை போன்ற உடம்போடு மிதந்தன. ஒரு பாத்தியில் நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று என் மனைவியே கேட்டாள். சொன்னேன். இங்கும் சொல்கிறேன்.

பூமியில் உயிர்கள் பறக்கக் கற்றுக்கொண்டது நான்கே முறை. முதலில் பூச்சிகள். அவற்றுக்குப் பிறகு பத்துக் கோடி வருஷத்துக்கும் மேலாக வானத்தில் வேறு யாரும் இல்லை. துரத்துவதற்கு ஒரு பறவை கிடையாது. அடுத்தது, ஒற்றை விரலை நீளமாக நீட்டி அதில் தோலை விரித்துக்கொண்ட ஊர்வன வகை. இன்று அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. மூன்றாவது பறவை. நான்காவது வௌவால். இந்தக் கேள்வியை முப்பத்திரண்டு வருஷம் பரீட்சையில் கேட்டிருக்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் பறவையையும் வௌவாலையும் எழுதிவிட்டுப் பூச்சியை விட்டுவிடுவார்கள். பூச்சியை யாரும் ஓர் உயிராகவே எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கக் கார் வைத்துக்கொண்டு போவார்கள். என் மைத்துனனும் போனான், என்னையும் கூட்டிக்கொண்டு. மூன்று மணி நேரம் சேற்றில் நின்று போட்டோ எடுத்தான். அவன் வயலில் பறக்கிறதை ஒரு நாள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பறவையும் வௌவாலும் அந்தப் பழைய ஊர்வனவும் கையைக் கொடுத்து இறக்கை வாங்கியவை. முன்னங்கால்தான் இறக்கையாக மாறியது. பூச்சி மட்டும் ஆறு கால்களில் ஒன்றைக்கூட இழக்காமல் இறக்கை பெற்றது. அது எங்கிருந்து முளைத்தது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. நீருக்குள் இருந்த மூதாதையின் செவுள்தான் இறக்கையானது என்று ஒரு கட்சி. முதுகு ஓட்டின் விளிம்பு நீண்டது என்று ஒரு கட்சி. இரண்டும் சேர்ந்தது என்று மூன்றாவது கட்சி. நான் செவுள் கட்சி. ஐப்பசிக் காலையில் என் வயலில் தட்டான் குஞ்சு தண்ணீரை விட்டு நெல் தாளில் ஏறி, முதுகு பிளந்து, கசங்கிய இறக்கையை விரித்து உலர்த்துவதைப் பார்த்தால் யாரும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். அது ஆதாரம் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். நீரில் பிறப்பதும் இறக்கை நீரில் பிறந்ததும் ஒன்றல்ல. ஆதாரம் எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்கத்தான் சம்பளம் வாங்கினேன்.

அப்படி நீரிலிருந்து ஏறி வந்து, நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக அசைத்து, பின்னாலும் பறக்கத் தெரிந்த ஒன்றை, எட்டு நிமிஷம் பறக்கும் ஒரு விசிறி கொன்றுவிட்டுப் போனது. அதுதான் ஆத்திரம்.

"அவன் நல்லதுதானே நெனைச்சான்" என்றாள் மனைவி.

"நல்லது நெனைக்கிறவன் கேட்டுட்டு நெனைக்கணும்."

"பந்தயம் உங்க ரெண்டு பேருக்கும். நெலம் எனக்கு. என்னையும்தான் ரெண்டு பேருல ஒருத்தரும் கேக்கல."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொட்டியது. தண்ணீர் பயிரின் இடுப்பில் நின்றது. வடியவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல அடைத்துக் கிடந்தது. நானும் கூலிக்கு இரண்டு பேரும் என் எல்லைவரை இழுத்துப் போட்டோம். அதற்கு மேல் முடியாது. என் வயல் மேடு, மைத்துனன் வயல் பள்ளம். ஒரே நிலத்திலிருந்து பிரித்துக் கொடுத்ததால் என் தண்ணீர் அவன் வயல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அவன் மடையைத் திறந்தால்தான் எனக்கு வழி.

"இப்பதான் யூரியா போட்டிருக்கேன் அத்தான். தொறந்தா அத்தனையும் ஓடிப்போயிடும். நாலு நாள் பொறுங்க."

நான்கு நாள் என்றவன் எட்டாம் நாள் திறந்தான்.

மார்கழி ஆறாம் தேதி ஒரு நெல் தூரை விலக்கி அடியில் தட்டினேன். தண்ணீரில் பழுப்பு நிறத்தில் எள் உதிர்ந்ததுபோல விழுந்தன. புகையான். இருபத்தேழு. அடுத்த தூரில் முப்பத்தொன்று. எல்லாம் குட்டை இறக்கை.

இந்தப் பூச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே தாய் போடும் முட்டைகளில் இரண்டு விதம் பிறக்கும். நீண்ட இறக்கை உள்ளது பறக்கும். குட்டை இறக்கை உள்ளது பறக்காது. விழுந்த இடத்திலேயே தூரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பறப்பது எளிதில் கிடைக்கிற சுகம் இல்லை. இறக்கைக்கும் அதை அசைக்கிற தசைக்கும் உடம்பு விலை கொடுக்க வேண்டும். குட்டை இறக்கைக்காரி அந்த விலையைக் கொடுக்காமல் எல்லாவற்றையும் முட்டையில் போடுகிறாள். சீக்கிரமாகவும் போடுகிறாள், அதிகமாகவும் போடுகிறாள். கோடி கோடி வருஷங்களுக்கு முன்னால் வாங்கிய இறக்கையை, சாப்பாடு இருக்கும் வரை வேண்டாம் என்று வைத்துவிடத் தெரிந்த உயிர் அது. முட்டை இலையுறைக்கு உள்ளே இருக்கும். ட்ரோன் மருந்து அங்கே போகாது. மருந்து கொன்றது முட்டையைத் தின்ன வந்தவற்றையும் குஞ்சைத் தின்ன வந்தவற்றையும். ஊசித்தட்டான் தூருக்கும் தூருக்கும் நடுவே நுழைந்து நுழைந்து இவற்றைத்தான் பொறுக்கும். சிலந்தி கீழே காத்திருக்கும். அத்தனை காவலையும் எடுத்துவிட்டு, முட்டையை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்?

மைத்துனனிடம் போய்ச் சொன்னேன். அவன் வயலிலும் இருந்தது. "அப்ப இன்னொரு தடவை ட்ரோன் விட்டுடலாம்" என்றான்.

"அது எலை நுனில நனைச்சுட்டுப் போவும். இது அடித்தண்டுல ஒக்காந்திருக்கு. தண்ணிய வடிச்சுப் பயிரை வெலக்கி வெளிச்சம் விடு."

"பத்து ஏக்கரையும் யார் அத்தான் வெலக்குறது? கூலி என்னன்னு தெரியுமா?"

"உன் ஏழைச் சொல்லு. என் மூணை நான் பார்த்துக்கறேன்."

இரண்டாம் முறை என் வயல்மேல் ட்ரோன் வரவில்லை. நான் வரப்பில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் என்னைப் பார்த்துவிட்டு மைத்துனன் வயலோடு திருப்பிக்கொண்டான். ஆறு பெண்கள் மூன்று நாள் வந்து எட்டடிக்கு ஒரு பட்டம், அதாவது ஓரடி இடைவெளி என்று என் பயிரை விலக்கிக் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் எட்டு நாள் நின்றுவிட்டதே. அந்த ஈரத்தில் புகையான் பெருகிவிட்டது, இந்த வேலை பிந்திவிட்டது.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும். பொழுது சாய்ந்து விளக்கேற்றும் நேரம். வாசல் ட்யூப் லைட்டைப் போட்டதும் என் மனைவி, "என்னங்க இது, எள்ளைக் கொட்டினாப்ல" என்றாள். விளக்கின்மேலும் சுவரின்மேலும் பழுப்புப் பூச்சி. ஒன்றை விரலால் ஒற்றி எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி அருகில் வைத்துப் பார்த்தேன். இறக்கை உடம்பைத் தாண்டி நீண்டிருந்தது.

 சாறு தீர்ந்து, கூட்டம் நெருக்கினால்தான் அது நீண்ட இறக்கையோடு பிறக்கும். அது பறக்கிறது என்றால் பயிர் முடிந்தது என்று பொருள். முப்பத்திரண்டு வருஷம் பறத்தலை ஓர் அதிசயம் என்று கரும்பலகையில் எழுதியவன், வாசல் விளக்கில் பறப்பதைச் சபித்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். அவள் அணைக்கவில்லை. முறத்தை எடுத்து வந்து சுவரிலிருந்து தட்டித் தட்டிச் சேர்த்து அடுப்பில் கொட்டினாள். நான்கு முறம்.

பொழுது விடிந்து போனால் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்து கிடந்தது, யாரோ வைக்கோல் போரைக் கொளுத்தி இழுத்துக்கொண்டு போனதுபோல. பாதிக் கதிர் பால் பிடிக்கும்போதே சாய்ந்துவிட்டது. அவன் வயலும் அப்படியே, இரண்டாம் முறை அடித்தும்.

ஆனால் அந்தக் காய்ந்த பழுப்புக்கு நடுவே, மின்கம்பிக்கு நேர் கீழே, வடக்கிலிருந்து தெற்காகப் பச்சையாக ஒரு பட்டை ஓடியது. என் வயலுக்குள் நுழைந்து, வரப்பைத் தாண்டி, அவன் வயலுக்குள்ளும் போனது. அகலம் பத்து மீட்டர். காலால் அளந்து பார்த்தேன். என் பங்கில் சரியாக ஒரு மா. உள்ளே இறங்கினேன். சிலந்தி இருந்தது. ஊசித்தட்டான் இருந்தது. தூருக்குப் புகையான் ஐந்து, ஆறு.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒப்பீட்டுப் பாத்தி என்று சொல்லுவோம். ஒன்றைச் செய்து, பக்கத்திலேயே ஒன்றைச் செய்யாமல் விட்டுப் பார்ப்பது. நான் கேட்டு வாங்கவில்லை. ட்ரோனுக்குக் கம்பி பயம், அதனால் கிடைத்தது.

மைத்துனனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். அவன் இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தான்.

"கம்பி நெழலு விழுந்திருக்கும் அத்தான்" என்றான்.

"கம்பி நெழலா?"

"இல்லைன்னா கம்பில குருவி ஒக்காந்து பொறுக்கித் தின்னுருக்கும். நீங்கதானே சொல்லுவீங்க, கரிச்சான் பூச்சி தின்னும்னு."

 நிழல் என்றதற்கு அவனை அங்கேயே புதைத்திருப்பேன். குருவி என்றதற்கு முடியவில்லை, ஏனென்றால் கரிச்சான் உண்மையாகவே கம்பியில்தான் உட்காரும், உண்மையாகவே பூச்சி தின்னும். தூரின் அடியில் இருப்பதைத் தின்னாது என்று கத்தினேன். "நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்றான். அவன் ஏழு ஏக்கரும் போய்விட்டது. முகம் கறுத்துப் போயிருந்தது. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

தை கடைசியில் அறுவடை இயந்திரம் வந்தது. கம்பிக்குக் கீழே இருந்ததைத் தனியாக அறுக்கச் சொன்னேன். அந்த ஒரு மாவில் எட்டு மூட்டை. பத்து இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மீதி எட்டு மாவிலும் சேர்த்து இருபத்து மூன்று. ஆக முப்பத்தொன்று.

அன்று சாயந்திரமே மைத்துனன் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாழைப்பழமும் வெற்றிலையும் ஒரு பையில். "தொண்ணூறு வரல அத்தான்" என்றான் உட்காராமலே.

"நீ அடிச்சதாலதான் வரல."

"நான் அடிச்சது எனக்கும்தான் வரல."

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அன்று காலை அறுவடைக்கு அவள் வயலுக்கு வந்திருந்தாள், பல வருஷத்துக்குப் பிறகு. வரப்பில் நின்று, கம்பிக்குக் கீழே பழுத்து நின்ற அந்தப் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.  இப்போது சொன்னாள்.

"ஏண்டா தம்பி, கம்பி நெழலுதான் காப்பாத்துச்சுன்னா வயல் பூராவும் கம்பி இழுத்துடலாமா?"

அவன் பையைக் கீழே வைத்தான்.

"குத்தகைப் பேச்சு இனி வேண்டாம். இவரே பண்ணட்டும். தோத்தாலும் என் நெலத்துலதானே தோக்குறாரு. நீ போயி உன் வடிகாலைத் தூர் வாரு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவன் நம்ம வயலுக்குக் குடுத்த ட்ரோன் காசைக் குடுத்துடுங்க."

"எதுக்கு? நான் கேட்டேனா?"

"மஞ்சள்காணி வாங்குனதோட அப்பா வீட்டுக் கணக்கு எனக்கு முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல தம்பி காசுல எனக்கு ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு இதைச் சொல்லிக்கிட்டு இன்னொருத்தன் வரப்புல ஏறக் கூடாது."

அவனும் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. என் பயிரைக் கொன்றதற்கு நானே கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. வாடகையும் மருந்துமாக மாவுக்கு முந்நூற்று ஐம்பது. ஒன்பது மாவுக்கும் அவள் கொடுக்கச் சொன்னாலும் நான் எட்டு மாவுக்குத்தான் எண்ணி வைத்தேன். ட்ரோன் தொடாத ஒரு மாவுக்கு ஒரு பைசா கொடுக்க முடியாது என்றேன். அவன் எண்ணிப் பார்த்தான்.  "சரியாத்தான் இருக்கு அத்தான்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாதத்தில் அவன் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

வராத மூட்டை ஐம்பத்தொன்பது. மூட்டை ஆயிரத்து ஐந்நூறு மேனி எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. ட்ரோனுக்கு எட்டு மா, இரண்டாயிரத்து எண்ணூறு. ஆக மொத்தம் தொண்ணூற்றோராயிரத்து முந்நூறு ரூபாய்.